யான் மிலீச்: முன்னோடி என்ற பெயர் அவருக்குப் பொருந்துமா?

14ஆம் நூற்றாண்டில் பிராக் நகரில் பிரசங்கம் செய்த யான் மிலீச் என்ற குருவை ஒரு புத்தகம் 'செக் சீர்திருத்தத்தின் தந்தை' என்கிறது, இன்னொன்று 'கடைசிவரை திருச்சபைக்குக் கீழ்ப்படிந்த புண்ணியவான்' என்கிறது, இதில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். பிராக்கில் பின்னால் பிரசங்கம் செய்த செக் சீர்திருத்தவாதி யான் ஹூஸ் எரிக்கப்பட்டது 1415இல். மிலீச் இறந்தது 1374இல். லூத்தர் வருவதற்கு அதிலிருந்து இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது. ஆகவே உங்கள் கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: தாம் இறந்த பிறகு நடந்த ஒன்றை வைத்து ஒரு மனிதரை எடைபோடுவது நியாயமா? அதை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். லத்தீன் மூலங்களை ஓரளவு நேரடியாகப் படிப்பேன். செக் மொழி தெரியாது. அந்த மொழியில் நடந்த ஆய்வுகளை மொழிபெயர்ப்பு வழியாகவே அறிவேன். அந்தக் குறையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு சொல் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழில் 'சீர்திருத்தம்' என்று சொன்னால் இரண்டு பொருள் வருகிறது. 16ஆம் நூற்றாண்டில் லூத்தர், கால்வின் முதலியோரால் மேற்குத் திருச்சபை பிளவுபட்ட நிகழ்ச்சி ஒன்று. கெட்டுப்போன ஒன்றைச் சரிசெய்வது என்ற பொதுவான பொருள் இன்னொன்று. மிலீச் காலத்துக் குருமார் பயன்படுத்திய 'ரெஃபொர்மாட்சியோ' என்ற லத்தீன் சொல்லுக்குப் பழைய வடிவத்துக்குத் திரும்புதல் என்பது பொருள். அப்போஸ்தலர்கள் வாழ்ந்ததுபோல வாழவேண்டும், குருமார் குருமாராக இருக்கவேண்டும் என்பதுதான் அதன் உள்ளடக்கம். திருத்தந்தை, ஆயர், துறவி, பேரரசர் என எல்லோருமே அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். 'மிலீச் சீர்திருத்தவாதி' என்று ஒருவர் எழுதும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்று பாருங்கள். நீங்கள் படித்த இரண்டு புத்தகங்களும் பாதி சண்டை போடுவது இந்தச் சொல்லால்தான்.

சரி, உறுதியாகத் தெரிந்தது எது? மிலீச் மொராவியாப் பகுதியின் க்ரோமியெர்ஷீஷ் ஊர்க்காரர். 1350களின் இறுதியில் பேரரசர் நான்காம் சார்ல்ஸின் செயலகத்தில் வேலை பார்த்தார். பிராக் பேராலயத்தில் வருமானமுள்ள பதவியும் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒரு குருவுக்கு இதைவிட நல்ல வாழ்க்கை அமைவது கடினம். பிராக் அப்போது வளர்ந்துகொண்டிருந்த நகரம். 1344இல் பேராயர் இருக்கை, 1348இல் பல்கலைக்கழகம், அதே ஆண்டில் புது நகரம். 1355இல் சார்ல்ஸ் ரோமில் பேரரசராக முடிசூடியபின் அது பேரரசின் தலைநகரமே ஆனது. பணமும் குருமாரும் வணிகரும் வந்து குவிந்தார்கள். 1363இல் மிலீச் எல்லாப் பதவிகளையும் விட்டுவிட்டுப் பிரசங்கம் செய்யப் போனார். அதே ஆண்டில்தான் கொன்ராட் வால்ட்ஹவுசர் என்ற ஆஸ்திரியப் பிரசங்கியைப் பேரரசர் பிராக்குக்கு வரவழைத்திருந்தார். வால்ட்ஹவுசர் ஜெர்மன் மொழியில் பேசினார். மிலீச் செக் மொழியில் பேசினார். வால்ட்ஹவுசர் 1369இல் இறந்தபிறகு அவருடைய தீன் ஆலயத்தில் ஜெர்மன் மொழியிலும் மிலீச் பிரசங்கம் செய்தார்.

இவ்வளவுக்கும் சான்று இருக்கிறது. ஆனால் மிலீச்சைப் பற்றிய புத்தகங்களில் வரும் உயிரோட்டமான காட்சிகள் பலவற்றின் நிலை வேறு. அவருடைய மொராவிய உச்சரிப்பைக் கேட்டு ஆரம்பத்தில் ஜனங்கள் சிரித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. எனக்கும் பிடித்த கதை, வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது மிலீச்சின் வாழ்க்கை வரலாறு ஒன்றிலிருந்து வருகிறது. அதை அச்சிட்டவர் 17ஆம் நூற்றாண்டின் யேசு சபைக் குருவும் வரலாற்றாசிரியருமான பொஹுஸ்லாவ் பல்பீன். நெடுங்காலம் அது மிலீச்சின் சீடர் ஒருவர் எழுதிய சமகால ஆவணம் என்றே எல்லோரும் நம்பினோம். ஆனால் அதற்கு இடைக்காலக் கையெழுத்துப் பிரதி எதுவும் அகப்படவில்லை. பழைய துணுக்குகளைச் சேர்த்துப் பல்பீன் தாமே அதை அமைத்திருக்க வேண்டும் என்று அண்மைக் கால ஆய்வாளர்கள் வலுவாக வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. அதனால் அந்த வரலாற்றில் மட்டும் வரும் செய்திகளை நான் இப்போது சொல்வதில்லை. உங்கள் இரண்டாவது புத்தகத்தில் வரும் 'பணிவான புண்ணியவான்' பெரும்பாலும் அந்த வாழ்க்கை வரலாற்றில் இருந்துதான் பிறக்கிறார்.

அதைத் தள்ளிவிட்டாலும் கையில் நிறைய இருக்கிறது. மிலீச்சே தொகுத்த இரண்டு பெரிய லத்தீன் பிரசங்கத் தொகுப்புகள், குருமார் மாமன்றங்களில் அவர் ஆற்றிய உரைகள், அந்திக்கிறிஸ்துவை (உலக முடிவுக்கு முன் வருவான் என்று நம்பப்பட்ட கிறிஸ்துவின் எதிரியை) பற்றிய சிறுநூல், திருத்தந்தைக்கு எழுதிய கடிதம் ஆகியவை முதல் வகை. அவருக்கு எதிராக பிராக் குருமார் தயாரித்த 12 குற்றச்சாட்டுகளும் அதையொட்டி வந்த திருத்தந்தையின் ஆணைகளும் இரண்டாவது வகை. மூன்றாவது, யானோவ் ஊரைச் சேர்ந்த மத்தியாஸ் என்பவரின் சாட்சியம். பாரிஸில் படித்துப் பட்டம் பெற்ற இவர் மிலீச்சைத் தம் ஆசானாகவே கொண்டவர். கிறிஸ்துவின் சாயலாகவும் அப்போஸ்தலர்களைப் போன்றவராகவும் மிலீச்சை அவர் வர்ணிக்கிறார். அன்பு மிகுந்த சாட்சி, ஆனால் நிகழ்ச்சிகள் நடந்து பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து, தாமே சோதனைக்குள்ளான நிலையில் எழுதியவர். அவர் சொல்வதை ஏற்கலாம். ஏற்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரசங்கத் தொகுப்புகளில் ஒன்றின் பெயர் 'அபோர்ட்டிவுஸ்'. 1 கொரிந்தியர் 15இல் பவுல் தம்மை 'அகாலப்பிறவி' என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் லத்தீன் விவிலியத்தில் வரும் சொல் அது. இந்தத் தொகுப்பைத் திறந்தவுடன் கலகக்காரர் ஒருவரை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பக்கத்துக்குப் பக்கம் திருச்சபைத் தந்தையரின் மேற்கோள்கள். மற்றக் குருமார் எடுத்துப் பயன்படுத்துவதற்காகச் செய்த மாதிரிப் பிரசங்கங்கள் இவை. ஜனங்களுக்கு முன்னால் செக் மொழியில் அவர் என்ன பேசினார், எப்படிப் பேசினார் என்பதற்குப் பதிவு இல்லை. மிலீச்சின் செல்வாக்கெல்லாம் நேரில் பேசிய அந்தப் பேச்சில் இருந்தது. நமக்கு மிஞ்சியதோ மேசையில் எழுதியது. மிலீச்சை மதிப்பிடும்போது இந்தப் பள்ளம் எப்போதும் நடுவில் கிடக்கும்.

குருமாரை அவர் கடுமையாகச் சாடினார் என்பது உண்மை. பதவியை விலைக்கு வாங்குவது, வைப்பாட்டி வைத்துக்கொள்வது, வட்டி வருமானத்தில் வாழ்வது என்று ஒன்றையும் விடவில்லை. இதைக் காட்டித்தான் பலர் 'பார், ஹூஸுக்கு முன்பே ஒரு ஹூஸ்' என்கிறார்கள். ஆனால் அந்தச் சாடல்களில் மிகக் கடுமையானவை எங்கே பேசப்பட்டன? பேராயர் கூட்டிய குருமார் மாமன்றத்தில். பேராயரின் அழைப்பின் பேரிலேயே அவர் அங்கே நின்று பேசினார். கூடியிருந்த குருமாரிடம் அவர்களுடைய குறைகளை லத்தீனில் எடுத்துச் சொல்வது அந்த மேடையின் வழக்கம். ஆகவே இந்தச் சாடலை மட்டும் வைத்து அவரைக் கலகக்காரர் ஆக்க முடியாது. வேலிக்கு உள்ளே நின்று, அனுமதியோடு பேசிய பேச்சு அது.

அந்திக்கிறிஸ்து விஷயம் அப்படியல்ல. தானியேல் நூலின் கடைசி அதிகாரத்தில் வரும் 1335 நாட்களை ஆண்டுகளாக எண்ணி, 1365க்கும் 1367க்கும் இடையில் அந்திக்கிறிஸ்து வந்தாயிற்று என்ற முடிவுக்கு மிலீச் வந்திருந்தார். 1366இல் பிரசங்கத்தின் நடுவே பேரரசர் சார்ல்ஸையே நேருக்கு நேர் சுட்டிக்காட்டி 'இவரே அந்த அந்திக்கிறிஸ்து' என்று சொன்னதாகவும், அதற்காகப் பேராயர் அவரைச் சிறையில் அடைத்ததாகவும் மத்தியாஸ் எழுதுகிறார். இதற்கு மத்தியாஸ் மட்டுமே சாட்சி. நடந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் தம் ஆசானுக்கு இவ்வளவு சங்கடம் தரும் ஒன்றை அவர் கற்பனையாகச் சேர்த்திருக்க வேண்டிய தேவையில்லை. அடுத்த ஆண்டு மிலீச் ரோமுக்குப் போனார். திருத்தந்தையர் அப்போது தங்கியிருந்த பிரான்ஸ் பக்கத்து அவிஞோன் நகரை விட்டு ஐந்தாம் அர்பன் ரோமுக்குத் திரும்பி வரப்போகிறார் என்ற செய்தி பரவியிருந்த காலம் அது. அவர் வரும்வரை பொறுக்கமுடியாமல், அந்திக்கிறிஸ்து வந்துவிட்டான் என்பதைப் பற்றித் தாம் பேசப்போவதாகப் பேதுரு பேராலயத்துக் கதவில் அறிவிப்பு ஒட்டினார். திருச்சபையின் விசாரணை மன்றத்தார் பிடித்து அடைத்தார்கள். சிறையில் இருந்தபடியே அந்திக்கிறிஸ்து பற்றிய சிறுநூலை எழுதினார். அர்பன் வந்துசேர்ந்த பிறகு விடுதலை கிடைத்தது. திருத்தந்தையின் சகோதரர் கர்தினால் ஆங்லிக் கிரிமோர் அவரை ஆதரித்தார்.

அந்தச் சிறுநூல் என்ன கேட்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. உலக முடிவு வந்துவிட்டது என்று நம்பிய மனிதர், அதற்கு மருந்தாக எதைக் கேட்கிறார்? திருத்தந்தை ரோமில் பொதுச்சங்கம் கூட்ட வேண்டும், ஆயர்கள் தங்கள் மக்களைத் திருத்த வேண்டும், பிரசங்கிமாரை எங்கும் அனுப்ப வேண்டும் என்கிறார். திருத்தந்தையே அந்திக்கிறிஸ்து என்று பின்னால் ஹூஸைட்டுகளும் (ஹூஸைப் பின்பற்றியவர்களும்) லூத்தரும் சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஆபத்து திருச்சபைக்கு உள்ளே வந்துவிட்டது என்பதை மிலீச் ஒப்புக்கொள்கிறார். அதை விரட்டக்கூடியவர் என்று அவர் நம்பி நிற்பதோ திருத்தந்தையை.

அப்புறம் எருசலேம். மிலீச்சின் உண்மையான இடம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிராக் பழைய நகரத்தில் 'வெனிஸ்' என்று அழைக்கப்பட்ட ஒரு விலைமாதர் விடுதி இருந்தது. 1372இல் அந்த இடம் பேரரசரின் கொடையாக மிலீச்சுக்குக் கிடைத்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் தம்மை அந்திக்கிறிஸ்து என்று சொன்னதாகக் கூறப்படும் அதே மனிதருக்குப் பேரரசர் கொடுத்த கொடை. சுற்றிலும் இருந்த வீடுகளையும் சேர்த்து, மகதலா மரியாவின் பெயரில் ஒரு சிற்றாலயம் கட்டி, அந்த இடத்துக்கு 'எருசலேம்' என்று பெயர் வைத்தார். தொழிலை விட்டு வந்த பெண்கள் அங்கே தங்கினார்கள். அவர்கள் துறவற வார்த்தைப்பாடு எதுவும் கொடுக்கவில்லை. விரும்பினால் திருமணம் செய்துகொள்ளலாம், வீடு திரும்பலாம், வேலைக்குப் போகலாம். பக்கத்திலேயே இளம் குருமாரும் மாணவர்களும் கூடி வாழ்ந்து பிரசங்கப் பயிற்சி பெற்றார்கள். இருதரப்பாரும் அடிக்கடி, சிலர் தினமுமே, நற்கருணை (கிறிஸ்துவின் உடலாக வழிபாட்டில் கொடுக்கப்படும் அப்பம்) வாங்கினார்கள்.

இன்றைக்கு இந்தக் கடைசி வரி சாதாரணமாகத் தோன்றும். 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விசுவாசிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது, பாஸ்கா காலத்தில், நற்கருணை வாங்கவேண்டும் என்று விதித்தது. நடைமுறையில் பெரும்பாலான ஜனங்களுக்கு அந்த ஒருமுறையே எல்லையாகவும் ஆகிவிட்டது. மற்ற நாட்களில் குருவானவர் உயர்த்திக் காட்டும் அப்பத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். தினமும் வாங்குங்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபை எல்லோரையும் பார்த்து வெளிப்படையாகச் சொன்னது 1905இல், பத்தாம் பயஸ் காலத்தில். 1372இல் முன்னாள் விலைமாதர்கள், பேராலயத்துக் குருமாரை விட அடிக்கடி அந்தப் பந்தியில் அமர்ந்தார்கள் என்பதை அந்த நகரத்தார் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். குற்றச்சாட்டுகளில் அது அப்படியே தெரிகிறது: இந்தப் பெண்களைக் கன்னியரைவிட மேலாக வைக்கிறார், எல்லோரும் வாரத்துக்கு இருமுறையாவது நற்கருணை வாங்கவேண்டும் என்கிறார், அந்திக்கிறிஸ்து வந்துவிட்டான் என்கிறார், குருமாருக்குச் சொத்துக் கூடாது என்கிறார், வட்டியையும் கலைப்படிப்பையும் பாவம் என்கிறார். எதிரிகள் எழுதியது என்பதால் இதில் மிகை இருக்கும். ஆனாலும் அவர்களுக்கு வலித்த இடம் எது என்பதில் சந்தேகமில்லை. எருசலேம் ஒரு பங்கும் (ஒரு பகுதி மக்களுக்கான ஆலயமும்) அல்ல, மடமும் அல்ல. பங்குக் குருமாருக்கு வரவேண்டிய ஜனமும் காணிக்கையும் அங்கே போயின.

இங்கே இரண்டு எச்சரிக்கை. மிலீச் பிராக்கில் விபசாரத்தை ஒழித்தார் என்று பழைய நூல்கள் எழுதும். அது தவறு. அவர் இறந்து சில ஆண்டுகளுக்குள், 1379 முதல் 1382 வரை, பிராக் தலைமைக்குரு பங்குபங்காகப் போய் விசாரித்து எழுதிய பதிவேடு இருக்கிறது. நகரின் பல தெருக்களில் அந்தத் தொழில் நடந்துகொண்டிருந்ததும், வாடிக்கையாளர்களில் குருமாரும் இருந்ததும் அதில் தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவது, அந்தப் பெண்களின் சொந்தக் குரலில் ஒரு வரியும் நம்மிடம் இல்லை. அவர்கள் அங்கே நிம்மதியாக இருந்தார்களா, கட்டாயத்தால் இருந்தார்களா, மிலீச் போன பிறகு எங்கே போனார்கள் என்பதற்கெல்லாம் அவர்களைக் கேட்டு எழுதியவர் எவரும் இல்லை. எருசலேமைப் புகழும்போதும் குறைசொல்லும்போதும் ஆண்களின் எழுத்தை மட்டுமே நாம் படிக்கிறோம்.

குற்றச்சாட்டுகள், திருத்தந்தையர் மீண்டும் திரும்பிப் போயிருந்த அவிஞோனுக்குப் போயின. 1374 ஜனவரியில் திருத்தந்தை பதினோராம் கிரகோரி விசாரிக்கச் சொல்லிப் பேரரசருக்கும் ஆயர்கள் பலருக்கும் ஆணைகள் அனுப்பினார். மிலீச் ஓடி ஒளியவில்லை, அவிஞோனுக்கே நேரில் போனார். அங்கே அவருக்குக் கேடு எதுவும் நேரவில்லை. கர்தினால்களுக்கு முன்னால் பிரசங்கம் செய்ய இடம் கிடைத்தது. ஆனால் வழக்கு முடிவதற்குள் அந்தக் கோடையிலேயே நோயுற்று இறந்தார். பிராக்கில் எருசலேம் சிஸ்டர்சியன் துறவிகளுக்குக் கொடுக்கப்பட்டது, அவர்கள் அதைத் தங்கள் மாணவர் இல்லம் ஆக்கிக்கொண்டார்கள். இரண்டே ஆண்டுகளில் தொடங்கி முடிந்துபோன முயற்சி அது.

அப்படியானால் 'தந்தை', 'முன்னோடி' என்ற பெயர்கள் எப்படி வந்தன? 16ஆம் நூற்றாண்டில் லூத்தரன் அறிஞர் ஃப்ளாசியுஸ், ரோமை எதிர்த்து உண்மைக்குச் சாட்சி சொன்னவர்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் தொகுத்தார். 'லூத்தருக்கு முன் உங்கள் சபை எங்கே இருந்தது?' என்று கத்தோலிக்கர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அது. அந்தப் பட்டியலில் மிலீச்சும் இடம்பெற்றார். அங்கிருந்து இங்கிலாந்தின் புராட்டஸ்டன்ட் எழுத்தாளர் ஜான் ஃபாக்ஸ் எடுத்துக்கொண்டார். பல்பீன் அதே மனிதரைக் கத்தோலிக்கருக்கு மீட்டுக்கொடுக்கப் பார்த்தார். 19ஆம் நூற்றாண்டில் செக் தேசிய வரலாற்றை எழுதிய பலாட்ஸ்கி, வால்ட்ஹவுசர், மிலீச், மத்தியாஸ், ஹூஸ் என்று ஒரு வரிசை அமைத்து, முதல் மூவரையும் ஹூஸின் முன்னோடிகள் ஆக்கினார். அந்த வரிசையே பாடநூல்களில் தங்கிவிட்டது. நீங்கள் படித்த இரண்டு புத்தகங்களும் இந்தப் பழைய வழக்கின் இரண்டு பக்கங்கள். ஒவ்வொருவரும் தம் தேவைக்கு ஏற்ப மிலீச்சைத் தம் வீட்டுப் படத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

கோட்பாட்டை வைத்துப் பார்த்தால் முன்னோடி வாதம் நிற்காது. மிலீச் இறந்த 1374இல் ஹூஸைப் பின்னால் பாதித்த இங்கிலாந்து இறையியலாளர் விக்லிஃப் இன்னும் அரசரின் ஊழியத்தில் இருந்தார். நற்கருணையில் அப்பத்தின் பொருள் மாறுவதில்லை என்ற அவருடைய போதனை வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. மிலீச்சுக்கு அந்தச் சந்தேகமே எழவில்லை. நற்கருணையில் கிறிஸ்து உண்மையாக இருக்கிறார் என்ற நம்பிக்கை அதிகமாக இருந்ததால்தான் தினமும் வாங்கச் சொன்னார். ஹூஸுக்கும் விக்லிஃபுக்கும் உள்ள உறவு புத்தக உறவு. அதை மிலீச் வழியாகக் கொண்டுவர முடியாது. லூத்தரின் மையமான போதனை, விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல். மிலீச்சின் மையமோ தவமும் செயலும்.

ஆனால் ஆட்களையும் இடங்களையும் வைத்துப் பார்த்தால் தொடர்ச்சி தெரிகிறது. அடிக்கடி நற்கருணை வாங்குவதை மத்தியாஸ் எழுத்தில் எடுத்து விரிவாக நியாயப்படுத்தினார். அதற்காக 1389இல் பிராக் மாமன்றத்தில் அவர் பகிரங்கமாகத் தம் கருத்தை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. 1414இல் குருமார் அல்லாத பொதுநிலையினருக்கும் கிண்ணத்தில் திராட்சை இரசம் கொடுக்கத் தொடங்கிய பிராக் குரு யாக்கோபெக், மத்தியாஸின் எழுத்தைப் படித்து அதிலிருந்து எடுத்தவர். ஹூஸைட்டுகளின் கொடியில் பறந்த அந்தக் கிண்ணத்துக்கு எருசலேமின் பந்தியிலிருந்து ஒரு பாதை இருக்கிறது. இதை நான் உறுதியான கண்ணியாகவே வைக்கிறேன். மிலீச் அப்பம், இரசம் என இரண்டு வடிவிலும் கேட்டார் என்று யாராவது எழுதினால் மட்டும் நம்பாதீர்கள். அவர் கேட்டது அடிக்கடி வேண்டும் என்பதைத்தான்.

இன்னொரு கண்ணி தொமாஷ் ஷ்டீட்னி. சாதாரண நிலப்பிரபு, குரு அல்ல. இறையியலைச் செக் மொழியில் எழுதத் துணிந்த முதல் பொதுநிலையினரில் ஒருவர். மிலீச் இல்லாவிட்டால் தாம் அந்தப் புத்தகங்களை எழுதியிருக்கவே மாட்டோம் என்ற பொருளில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். அவருடைய மகள் ஆக்னேஸ் பின்னால், ஹூஸ் பிரசங்கம் செய்த பிராக் பெத்லகேம் ஆலயத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கி, வேறு பக்தியுள்ள பெண்களோடு அங்கே வாழ்ந்தாள். அப்படி வாழ்ந்த பெண்களுக்காகத்தான் ஹூஸ் செக் மொழியில் 'மகளே' என்று விளித்து ஒரு சிறுநூல் எழுதினார். வார்த்தைப்பாடு இல்லாமல், மடத்துக்குப் போகாமல், பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் பெண்கள் கூடி வாழ்வது எருசலேமில் பார்த்ததுதான். முன்னோடி பற்றிய விவாதங்களில் இந்தப் பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த வரிசையில் மிகவும் உயிருள்ள இழையாகப் படுவது இதுவே.

பெத்லகேம் ஆலயத்தின் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1391இல் அரசவையைச் சேர்ந்த ஹனுஷ் என்பவரும் ஒரு வணிகரும் சேர்ந்து அதை நிறுவினார்கள். செக் மொழியில் பிரசங்கம் செய்பவர்களுக்கு நிலையான இடம் இல்லை, அவர்கள் வீடுகளிலும் மறைவிடங்களிலும் பேச வேண்டியிருக்கிறது என்று அதன் நிறுவன ஆவணமே குறைப்படுகிறது. அந்தக் குறை மிலீச்சின் பிரசங்கிமார் கலைந்துபோன பிறகு உண்டானது என்று எண்ண இடமிருக்கிறது. எருசலேம், பெத்லகேம் என்ற பெயர்ப் பொருத்தமும் அதையே தூண்டுகிறது. ஆனால் 'மிலீச்சின் வேலையைத் தொடர்கிறோம்' என்று அந்த ஆவணம் சொல்லவில்லை. ஆகவே மிகவும் சாத்தியமான ஊகம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஹூஸ் அந்த மேடையில் ஏறியது 1402இல். மிலீச் இறந்தபோது அவர் சிறு குழந்தை.

என் முடிவைக் கேட்டால் இதுதான். மிலீச் தம் காலத்துத் திருச்சபைக்கு உள்ளிருந்து, திருத்தந்தையை நம்பி வேலை செய்த சீர்திருத்தவாதி. ஹூஸின் கருத்துகளை அவரிடம் தேடவேண்டாம், கிடைக்காது. ஹூஸ் பேசுவதற்கு ஒரு பேச்சு மேடையும், கேட்பதற்குப் பழகிய ஜனமும், பந்தியில் தங்களுக்கும் இடம் உண்டு என்று நம்பிய பெண்களும் ஏற்கெனவே இருந்தார்கள். அந்தப் பழக்கம் தொடங்கிய இடங்களில் முக்கியமானது மிலீச்சின் பிராக். 'தந்தை' என்ற சொல்லை நான் தவிர்ப்பேன், ஏனென்றால் அவர் விரும்பாத ஒன்றையும் அது அவர் தலையில் ஏற்றிவிடுகிறது. 'பணிவான புண்ணியவான்' என்பதையும் தவிர்ப்பேன். பேதுரு பேராலயத்துக் கதவில் அறிவிப்பு ஒட்டியவரை அந்தச் சொல்லுக்குள் அடக்க முடியாது. உங்கள் கட்டுரையில் ஒரே சொல்தான் எழுதவேண்டும் என்றால் 'பிரசங்கி' என்று எழுதுங்கள். அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

நம் ஊருக்குத் தொடர்பு உண்டா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். மிலீச்சுக்கு நேரடியாக இல்லை. ஹூஸ் வழியில் 1457இல் உருவான 'சகோதரர் ஐக்கியம்' பின்னால் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் புத்துயிர் பெற்று மொராவியன் சபை ஆயிற்று. அந்தச் சபையார் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினார்கள். அந்த அளவுக்கு ஒரு கிளை நம் கரையைத் தொட்டிருக்கிறது.

நீங்கள் பிராக்குக்குப் போகப்போவதாக எழுதியிருந்ததால் ஒரு குறிப்பு. பெத்லகேம் ஆலயம் 1786இல் இடிக்கப்பட்டது, இன்று நிற்பது 1950களில் திரும்பக் கட்டியது. மிலீச்சின் எருசலேம் இருந்த இடத்தில் பின்னால் யேசு சபையார் கட்டிய பர்த்தலமேயு ஆலயம் நிற்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம், சில நிமிடங்கள்தான் ஆகும்.